புரொபசர் கோட்டில் ஏழு ஓட்டை

ஏப்ரல் மாத மத்தியான வெயிலில், கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வழியாகப் போகும் பேருந்தில், மடியில் நாலு மீட்டர் கறுப்புக் கம்பளித் துணியோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்திருந்தால் அது நான்தான். பக்கத்து இருக்கைக்காரர் துணியைத் தொட்டுப் பார்த்தார். அடுத்து என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தது போலத் தெரிந்தது.

"போர்த்திக்கிடவா அண்ணாச்சி?"

"இல்லைங்க. கோட்டு தைக்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நானாக இருந்தாலும் நகர்ந்திருப்பேன்.

நான் கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவன். இருபத்திரண்டு வருடமாக இங்கிலாந்தில் ஒரு சின்னக் கடற்கரை ஊரில் இருக்கிறேன். அங்கே மூடிப்போன நாடகக் கொட்டகை ஒன்றை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். வாரத்தில் நாலு நாள் நான் அதில் வழிகாட்டி. அதாவது கழிப்பறை எந்தப் பக்கம் என்று காட்டுபவன். சனிக்கிழமை மட்டும் புரொபசர் ட்ரிம்பிள்.

ட்ரிம்பிள், விக்டோரியா மகாராணி காலத்து மேடை வித்தைக்காரர். அந்தக் காலத்தில் அங்கே தொப்பியிலிருந்து முயல் எடுத்தவரெல்லாம் தன்னைப் புரொபசர் என்றே போட்டுக்கொண்டார். எந்தக் கல்லூரியும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை. மெழுகுவர்த்திக்காரர் மகன். தையல் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, வாடிக்கையாளர்களின் பித்தான்களை அவர்கள் கண்ணெதிரே மறைத்துக் காட்டியதால் துரத்தப்பட்டவர். சந்தைகளில் ஆடி, பிறகு மண்டபங்களில் ஏறி, மார்த்தா என்ற தையற்காரியைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய மேடைக் கோட்டைத் தைத்ததும் அவள்தான். அவருடைய பெரிய வித்தை இது: கோட்டை உதறிக் காட்டுவார், கையை விரித்துக் காட்டுவார், ஒரு சால்வையைத் தூக்கினால் தளும்பத் தளும்பத் தண்ணீரும் நாலு தங்கமீனும் உள்ள கண்ணாடித் தொட்டி. ஊர் ஊராக அந்த மீன்களைக் காட்டித்தான் பெயர் வாங்கினார். நான் மீனுக்குப் பதில் காரட் சீவல் போடுகிறேன். விலங்குகள் நலன் கருதி என்று சொல்வார்கள். என் நலனை யாரும் கருதுவதில்லை.

கடைசி நாலு வருடம் அவருக்குக் கெட்ட காலம். மேடையில் பொருள்கள் கை தவறின. மனைவி விட்டுப் போனாள், குடி பிடித்தது, எங்கள் ஊருக்கு வந்து எங்கள் கொட்டகையில் சில்லறை வித்தைகள் செய்து, ஒரு வாடகை அறையில் செத்தார். அருங்காட்சியகத்துத் துண்டுப் பிரசுரம் அப்படித்தான் சொல்கிறது. ஒன்பது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளிடம் நானும் அப்படித்தான் சொல்லி, "ஆகவே குழந்தைகளே, குடிக்காதீர்கள்" என்று முடிப்பேன். ஏழு வயதுப் பிள்ளைகள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள்.

அவருடைய அசல் கோட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பார்த்துத் தைத்த என் கோட்டு தைமாதக் குளிரில் மேடையிலேயே முதுகோடு கிழிந்தது. ரகசியப் பைகள் உள்ள கோட்டை அங்கே தைப்பார் இல்லை. இருந்த ஒருவரும் அடுத்த வருடம் வா என்றார். மறுவாரம் கோட்டு மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் கதவு உயரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்து நின்றது. உள்ளே ஒரு கணினித் தொடுதிரை. தொட்டால் ட்ரிம்பிள் கதையை அதுவே சொல்லும். "கோட்டு கிடைத்தால் காட்சி தொடரட்டும்" என்றார் எங்கள் மானேஜர் ஜேன். கிடைக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. பெட்டி சொன்னது.

"எங்கள் ஊரில் மூன்றே நாளில் தைத்துவிடுவார்கள்" என்று நான் மார்தட்டினேன். மார்தட்டும்போது வலது தோள் சுரீர் என்றது. அது இன்னொரு ரகசியம். ஆறு மாதமாக என் வலது கை முதுகுப் பக்கம் போக மறுக்கிறது. மருத்துவர் உறைந்த தோள் என்றார். ஜேனுக்குத் தெரிந்தால் பெட்டி அன்றைக்கே பிரிக்கப்படும் என்பதால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆயத்த ஆடைக்குப் புதியம்புத்தூர் என்று ஒரு நண்பர் சொன்னார். கோவில்பட்டிக்குப் பக்கம் என்றும் சொன்னார். வரைபடத்தில் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. அந்த நம்பிக்கையில் கோவில்பட்டியில் அறை எடுத்துவிட்டேன். அந்த இரண்டு விரலைப் பேருந்தில் கடக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. "தூத்துக்குடியில தங்கியிருந்தா இந்தா இருக்கு" என்று ஐந்து நாளில் பதினான்கு பேர் எனக்கு எடுத்துச் சொன்னார்கள்.

முதல் நாள். ஜன்னலுக்கு வெளியே கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுத்து முடித்த மார்க்குச்சிகள் காய்ந்து நின்றன. ஒரு வெடிப்புக்குள் என் கைப்பை விழுந்தால் அடுத்த மழைக்குத்தான் கிடைக்கும் போலிருந்தது. எங்கள் கும்பகோணத்தில் தண்ணீர் மேலே ஓடும். இங்கிலாந்தில் அது காற்றில் தொங்கும். இங்கே அது பேச்சில் மட்டும் இருந்தது; பேருந்து முழுக்க மழை எப்போது வரும் என்ற பேச்சு.

புதியம்புத்தூரில் ஜெபமணி அண்ணாச்சியின் தையல் கூடத்தில் இருபது மிஷின்கள் பள்ளிச் சீருடைகளை அடித்துக்கொண்டிருந்தன. ஒருவர் காலர் மட்டும், ஒருவர் கை மட்டும், ஒருவர் பை மட்டும். முழுச் சட்டையை முழுசாகத் தைத்தவர் அங்கே யாருமில்லை. முழுச் சட்டையைப் பார்ப்பவர் ஒருவர்தான். கடைசி மேஜையில் உட்கார்ந்து பிசிறு வெட்டி, தையல் விட்ட இடத்தை ஊசியால் அடைத்து, தன் நம்பர் எழுதிய சின்னச் சீட்டு ஒன்றைப் பையில் போட்டு அனுப்பும் பேச்சியம்மாள். நம்பர் நாலு. அந்தச் சீட்டு இருந்தால்தான் துணி வாசலைத் தாண்டும்.

நான் துணி வெட்ட அளவு வரைந்த வெட்டுக் காகிதங்களையும், அசல் கோட்டின் உள்பக்கப் புகைப்படங்களையும் எடுத்து வைத்தேன். ஜெபமணி அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இது எதுக்கு சார்?"

வித்தைக்காரன் ரகசியத்தைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். சனிக்கிழமை மட்டும் தொழில் செய்பவனுக்கு அது இன்னும் கூடுதலாக இருக்கும். "சர்ச் நாடகத்துக்கு" என்றேன்.

"அப்படியா! நாங்களும் கிறிஸ்மஸுக்குப் போடுவோம்லா. என்ன நாடகம்?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "நோவா."

"நோவாவுக்குக் கோட்டா?"

"இங்கிலாந்து நோவா."

அவர் சற்று யோசித்தார். "அங்கன மழையும் சாஸ்தி, குளிரும் சாஸ்தி. சரிதான்."

அதோடு விட்டிருக்கலாம். பை தைப்பவரைத் தனியாகக் கூப்பிட்டு, கோட்டின் பின்பக்கம் தொங்கும் வலது வாலில் ஏழு இடத்தில் தையலைத் திறந்தே விட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். நல்ல மனிதர். கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் நாளைப் பற்றி எழுத அதிகமில்லை. முந்தின நாள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றியவர், "இன்னும் ரெண்டு வைக்கட்டா அண்ணாச்சி?" என்று கேட்கக் கேட்க நான் ஆமாம் என்றேன். அண்ணாச்சி என்று யாராவது கூப்பிட்டால் எனக்கு மறுக்க வரவில்லை. மறுநாள் முழுக்க விடுதி அறையில் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தேன். அன்று கோட்டை உடம்பில் வைத்துப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். போகவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு கோட்டு கடைசி மேஜைக்குப் போகும் என்று ஜெபமணி அண்ணாச்சி சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் பேசிப் பேசி வரவழைத்த மழை ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போயிருந்தது. பேருந்து ஒட்டப்பிடாரத்துக்கு முன்னால் டயர் வெடித்து நின்றது. ஒரு ஆட்டோக்காரர், "காட்டு வழியா விட்டா பத்தே நிமிசம்" என்றார். ஏறினேன்.

நாலாவது நிமிடத்தில் ஆட்டோ நின்றது. கீழே இறங்கிய நானும் நின்றேன். நனைந்த கரிசல் காலைப் பிடித்தால் விடுவதில்லை. ஒரு காலை எடுத்தால் செருப்பு உள்ளே. செருப்பை எடுத்தால் இரண்டு கிலோ மண்ணோடு வருகிறது. தள்ளத் தள்ளச் சக்கரம் மாவு அரைப்பது போல அங்கேயே சுற்றியது. வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா குடையை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏலே, மழை பெஞ்ச மறுநாளு கரிசக்காட்டுல ஆட்டோ விடுதவன் ஒருத்தன், அதுல ஏறுதவன் ஒருத்தன். ரெண்டு பேருல யாரு பெரிய கோட்டிக்காரன்?"

ஆட்டோக்காரர் என்னைக் கை காட்டினார். "இவிய லண்டன்லேந்து வந்திருக்காவ ஆச்சி."

"அப்ப இவியதான்" என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு ஆடுகளை விட்டுவிட்டு வந்து உடைமரத்து முள்ளை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டு, அதை வெளியே எடுத்ததும் அவர்தான். தூக்குச்சட்டியில் இருந்த கம்பங்கூழில் பாதியை எனக்குக் கொடுத்தார். இரண்டு நாளில் என் வயிறு ஒப்புக்கொண்ட முதல் சாப்பாடு அது.

போய்ச் சேரும்போது மணி நாலரை. கோட்டு தேய்த்து, மடித்து, கடைசி மேஜையில் தயாராக இருந்தது. பேச்சியம்மாள் எழுந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் அளவு நாடா, விரலில் ஊசி குத்தாமலிருக்க இரும்புத் தொப்பி.

"நல்ல வேளை சார், நான் பாத்தேன். ஏழு இடத்துல தையல் விட்டுப் போயிருந்துச்சு. ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல, ஏழு! இவிய யாரும் கவனிக்கல. எல்லாத்தையும் நாந்தான் கையாலயே அடைச்சேன். இனி கிழிச்சாலும் பிரியாது."

வாங்கிப் பார்த்தேன். பிரியாதுதான். எங்கே திறப்பு இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. பையில் சீட்டு இருந்தது: நாலு.

விமானம் ஐந்தாம் நாள். அதிலிருந்து மூன்றாம் நாள் சனிக்கிழமை. நான் அப்படியே ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தேன். காலில் கரிசல் காய்ந்து ஓடு போலாகியிருந்தது.

"என்ன சார், பிடிக்கலையா?" என்றார் ஜெபமணி அண்ணாச்சி.

"அது ஓட்டை இல்லைங்க. அதுதான் கோட்டு" என்றேன். இதற்கு மேல் தொழில் தர்மத்தைக் காப்பாற்றத் தெம்பில்லை. நோவா பொய் என்றேன். ட்ரிம்பிளைச் சொன்னேன், மார்த்தாவை, மீன் தொட்டியை, அந்த ஏழு திறப்பு வழியாகக் கையை விட்டு உள்பையிலிருந்து எடுக்கும் மர முட்டையை, அட்டைப்பெட்டியை. மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

ஜெபமணி அண்ணாச்சிக்கு நோவா போனதில்தான் வருத்தம். "ஊழியத்துக்குன்னு நெனச்சு நேத்து ஜெபத்துல சொல்லிட்டேனே சார்."

பேச்சியம்மாளுக்கு வேறு சந்தேகம். "அப்ப ஏன் சார் முதல்லயே சொல்லல? ஓட்டைய அடைக்கதுதானே என் சோலி? திறந்திருக்கணும்னு ஒரு வார்த்தை சொன்னா நான் ஏன் தொடுதேன்?"

பிறகு அவரே வழியும் சொன்னார். "சரி, எப்படி எடுப்பீங்கன்னு செஞ்சு காட்டுங்க. கை போற இடம் தெரியாம பை வைக்க முடியாது" என்றார். முட்டைக்குப் பதிலாக ஒரு நூல்கண்டைக் கொடுத்தார்.

கோட்டைப் போட்டுக்கொண்டு இருபது மிஷினுக்கு நடுவே நின்றேன். இடது கையை வீசி எல்லோரையும் அங்கே பார்க்க வைத்தேன். வலது கையைப் பின்னால் வாலுக்கு அடியில் கொண்டுபோனேன். இடுப்பெலும்போடு அது நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். "அம்மா!" என்ற சத்தத்தோடு நூல்கண்டு கீழே விழுந்து காலர் தைப்பவர் மிஷினுக்குள் உருண்டது. என் வாழ்நாளில் கிடைத்ததிலேயே பெரிய சிரிப்பு.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. "ஏட்டி, சும்மா இருங்க. சார், உங்களுக்கு வலது கை பின்னால போகலையே?"

"போகும். இன்றைக்குத்தான்..."

"எங்க அயர்ன் மாஸ்டருக்கும் இதேதான். இடது கையாலதான் தேய்க்காரு. இதுல என்ன வெக்கம்? கை போகாத இடத்துல ஏழு பையக் கேட்டிருக்கீங்க. நான் அடைச்சதும் ஒண்ணுதான், அடைக்காததும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு அசல் கோட்டின் புகைப்படங்களை மேஜையில் பரப்பினார். கல் பொறுக்குவது போலப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டீ வந்து ஆறியது.

"இவியளுக்கும் வலது கை போகாதா?"

"யாருக்கு?"

"இந்தக் கோட்டு போட்டவியளுக்கு. வலது வால்ல பையெல்லாம் இருந்து, அப்புறம் அடைச்சிருக்கு. பாருங்க. இடது பக்கம் முன்னால, இடுப்போரமா புதுசா வச்சிருக்கு. நீங்க கொண்டுவந்த வெட்டுக் காகிதத்துல அது இல்ல."

இல்லைதான். அந்த இடது பைகள் வாடகைக்கு அறை விட்ட வீட்டுக்காரம்மா யாரோ பிற்காலத்தில் செய்த ஒட்டுவேலை என்று துண்டுப் பிரசுரம் சொல்கிறது. அசலைப் போலவே வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டோம். அதைச் சொன்னேன்.

"வேற ஆளா? இல்ல சார். நூல் வேற, கை ஒண்ணுதான். பழைய பையில பாருங்க, முடிச்சு போடாம மூணு தையல் திருப்பிப் போட்டு அறுத்திருக்கு. அடைச்ச இடத்துலயும் அதே மூணு. புதுப் பையிலயும் அதே மூணு. அவசரத்துல தச்சிருக்காவ, அதான் கோணல். அவிய சம்சாரமா?"

நான் புகைப்படத்தைக் கையில் வாங்கினேன். புதுப் பைகளின் துணியில் சிவப்புக் கோடு ஓடியது. அந்தத் துணி எனக்குத் தெரியும். எங்கள் கொட்டகையின் பழைய ஜன்னல் திரை. மிச்சத் துண்டு இன்னொரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. வாராவாரம் தூசி தட்டுகிறேன். ட்ரிம்பிள் எங்கள் ஊருக்கு வந்ததே கடைசிக் காலத்தில்தான். மார்த்தா விட்டுப் போனதாகச் சொல்லப்படும் காலத்தில், மார்த்தாவின் மூன்று தையல் எங்கள் ஊர்த் துணியில் இருக்கிறது.

குடியால் கை தவறியதா, தோளால் தவறியதா என்று புகைப்படத்தை வைத்து யார் சொல்ல முடியும்? எனக்குத் தெரியாது. ஆனால் முதுகுக்குப் போகாத கையோடு மேடையில் நின்று, இருக்கிற கையைச் சபையைப் பார்த்து வீசும் ஒரு மனிதனை எனக்குத் தெரியும். ஒன்பது வருடமாகப் பிள்ளைகளிடம் அவரைக் குடிகாரன் என்று சொல்லி வந்திருக்கிறேன்.

நாலாம் நாள் காலையில் சீருடை வேலையை நிறுத்திவிட்டு இரண்டு பேரை எனக்காக உட்கார வைத்தார் ஜெபமணி அண்ணாச்சி. பேச்சியம்மாள் கோட்டை என் உடம்பில் மாட்டி, சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டார். "கைய வீசுங்க. இங்கன வருதா? வலிக்குதா? பொய் சொல்லாதீங்க, நோவா மாதிரி." பதினோரு முறை நூல்கண்டை எடுத்தேன், பதினோரு முறையும் வந்தது. தான் போட்ட ஏழு தையலையும் அவர் பிரிக்கவில்லை. "அது நல்ல தையல். இருந்துட்டுப் போகட்டும்" என்று இடது பக்கம் புதுசாகத் திறந்தார். கிளம்பும்போது கையில் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் கொடுத்தார். "கோவில்பட்டியில் தங்கியிருக்கிறவனுக்கே கோவில்பட்டி மிட்டாயா?" என்றேன். "நீங்க எங்க தங்குனீங்க, பஸ்லதானே இருந்தீங்க" என்றார்.

விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி கோட்டைத் தடவிப் பார்த்தார். ஒரு பைக்குள் கை போனது. அதற்குள் இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

நோவா என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டு, வித்தைக்காரன் கோட்டு என்று உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. இடது கையால் நாலு கடலைமிட்டாயை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் விட்டார். ஒன்றை வைத்துக்கொண்டார்.

ஜேனிடம் தோளைப் பற்றிச் சொன்னேன். "தெரியுமே" என்றார். "ஆறு மாதமாக நீ தொப்பியை இடது கையால் தூக்குகிறாய். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன்." துண்டுப் பிரசுரத்தை மாற்ற வேண்டும் என்று மூன்று தையலையும் திரைத் துணியையும் காட்டினேன். இது யாருடைய கருத்து என்று எழுத வேண்டுமே என்றார். பேச்சியம்மாள், கடைசி மேஜை, நம்பர் நாலு என்றேன். பூதக்கண்ணாடியை எடுத்து அவரே பெட்டியைத் திறந்து பார்த்தார். பிரசுரத்திலிருந்து குடி இப்போதைக்கு எடுக்கப்பட்டுவிட்டது. அட்டைப்பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. அதன் மேல் யாரோ தேநீர்க் கோப்பை வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை முப்பது பிள்ளைகள். காரட் நீந்தியது. குடிக்காதீர்கள் என்று சொல்லாமல், ட்ரிம்பிளுக்கு ஒரு கை வரவில்லை, மார்த்தா மறு பக்கம் பை வைத்துக் கொடுத்தாள் என்று சொன்னேன். கடைசியாக மர முட்டையை எடுக்க இடது பைக்குள் கையை விட்டேன். முட்டையோடு ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. விரலைப் பிரித்தால் ஒரு சின்னச் சீட்டு. நாலு.

பிள்ளைகள் முட்டையை விட்டுவிட்டு அதற்குத்தான் கை தட்டினார்கள். அது எப்படி அங்கே வந்தது என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். தொழில் தர்மப்படி நான் சொல்லியிருக்கக்கூடாது. சொன்னேன்.